‘சி’க்குப் பின்னால் வரும் சொல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய லேத் பட்டறைகளை இடித்துவிட்டுக் கட்டிய ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் நாலாவது மாடியில் மைதிலிக்கு வேலை. அமெரிக்காவில் வாஷிங் மெஷின் வாங்கிய யாராவது அது ஓடவில்லை என்று போன் செய்தால், எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் விடிகாலை மூன்றரைக்கு எழுந்திருக்கலாம். கம்பெனி வண்டி அண்ணனூரில் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, ஆறு வயது வர்ஷா அப்பாவின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது மைதிலி தூங்குவாள். அவள் திரும்பி வரும்போது மைதிலி தலை பின்னிக்கொண்டு கிளம்புவாள். மூன்று வருஷமாக இப்படித்தான் ஓடியது.

போன வருஷம் கம்பெனிக்கு ஸ்பெயின் நாட்டு வேலை கிடைத்தது. அந்த ஊர்க் கணக்குப்படி அது நம் ஊரில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து ராத்திரி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், வகுப்பு இலவசம், எட்டு மாதம் கழித்துப் பரீட்சை என்று அறிவித்தார்கள். முப்பத்தாறு பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் பதினைந்து பேர் மிஞ்சினார்கள். ஏழாம் மாதத்தில் ஆறு பேர்.

அந்த ஆறில் மைதிலியும் ஒருத்தி, யூசுப்பும் ஒருவன்.

யூசுப் சென்னீர்குப்பத்திலிருந்து பைக்கில் வருகிறவன். இருபத்தேழு வயது. அவனுடைய அத்தா பெங்களூர் ரோட்டில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இல்லை. அக்காவை ஆம்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி இவன் வேலைக்கு வந்துவிட்டால் பக்கத்து வீட்டு புஷ்பா ஒன்பது மணி வரைக்கும் எட்டிப் பார்ப்பாள். அதற்கப்புறம் அவர் தனியாகத்தான் கிடப்பார். அவனுக்குப் பகல் வேலை வேண்டியிருந்தது ஏன் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். தொழிற்பேட்டை வாசலில் வேம்புலியின் டீக்கடை. கடைக்குப் பின்னால் புங்க மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே உட்கார்ந்து படிப்பார்கள். யூசுப்புக்குக் காது நல்ல காது. இணையத்தில் அந்த ஊர்க் கால்பந்து வர்ணனையைக் கேட்டுக் கேட்டு அவன் நாக்கு தானாகவே திரும்பியது. ஆனால் இலக்கணம் என்றால் ஓடுவான். மைதிலிக்கு நேர் எதிர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அவள் அப்பா ஃபாக்டரியில் அளவு பார்த்துச் சான்று கொடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அட்டவணை போட்டு, கோடு கிழித்து, பச்சை மசியில் தலைப்பு எழுதினால்தான் அவளுக்கு எதுவும் மண்டையில் ஏறும். ஆகவே அவன் அவளைப் பேச வைப்பான், அவள் அவனுக்கு இலக்கணம் சொல்வாள்.

“அக்கா, நீ மட்டும் இல்லேன்னா நான் மூணாம் மாசமே உட்டுட்டுப் பூட்டிருப்பேன்,” என்று அடிக்கடி சொல்வான். அவளும் அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை.

எட்டாம் மாதம் நிபந்தனை வாக்கியங்கள் வந்தன. சௌம்யா என்ற ஆசிரியை பெங்களூரிலிருந்து கணினித் திரையில் தோன்றிப் பாடம் எடுப்பாள். ஸ்பானிஷில் ‘சி’ என்றால் நம் ‘ஆல்’. ‘வந்தால்’, ‘இருந்தால்’ என்று நாம் வினையின் வாலில் ஒட்டுவதை அவர்கள் முன்னால் தனியாக வைக்கிறார்கள். அதுவரை சுலபம்தான். ஆனால் தமிழில் ‘நேரம் இருந்தால் வருவேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் வருவாரா, இல்லை தட்டிக்கழிக்கிறாரா என்பது முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஸ்பானிஷ்காரர்கள் அதை வினையிலேயே சொல்லிவிடுகிறார்கள். நிஜமாகவே நேரம் கிடைக்கலாம் என்றால் ‘சி தெங்கோ’. கிடைக்காது, சும்மா ஆசைக்குச் சொல்கிறேன் என்றால் ‘சி துவியேரா’. நடந்து முடிந்துபோனதை, மாற்ற முடியாததைச் சொல்வதற்கு இன்னொரு வடிவம்.

இந்தப் பாடம் நடந்த இரண்டு வகுப்புக்கும் யூசுப் வரவில்லை. அவன் அத்தாவுக்குச் சிறுநீரில் தொற்று வந்து காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தான். மைதிலி வழக்கம்போல அட்டவணை போட்டாள். ஆனால் ஓரிடத்தில் தவறினாள். நடக்காத ஆசையைச் சொல்லும் வாக்கியத்தில் இரண்டு பாதி. ‘நேரம் இருந்தால்’ என்பது ஒன்று, ‘வருவேன்’ என்பது மற்றது. இரண்டாவது பாதிக்கு வரும் ‘ரீயா’ விகுதியை அவள் முதல் பாதிக்கும் போட்டுவிட்டாள். ‘சி துவியேரா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சி தெந்த்ரீயா’ என்று எழுதினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் பார்ப்பதற்கு ஒழுங்காகவும் இருந்தது. புதன்கிழமை யூசுப் அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை அவளுடைய வீட்டுப்பாடம் திருத்தி வந்தது. ஒன்பது இடத்தில் சிவப்புக் கோடு. கீழே சௌம்யா எழுதியிருந்தாள்: ‘சி’க்குப் பின்னால் ‘ரீயா’ ஒருபோதும் வராது. பரீட்சையில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மைதிலி நோட்டை எடுத்து அடித்துத் திருத்தினாள். யூசுப்பிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அன்றைக்கு அவன் டீக்கடைக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்கு ஓடிவந்தான். வெள்ளிக்கிழமை அவள் தாமதம். சனிக்கிழமை காலையில் போனில் ஒரு வரி அனுப்பியிருக்கலாம். வர்ஷாவின் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டே, திங்கட்கிழமை நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு செய்தி ஒன்றாக வந்தன. போன மாதம் எழுதிய மாதிரித் தேர்வின் மதிப்பெண்கள்: யூசுப் முதல், மைதிலி இரண்டாவது, நாலு மதிப்பெண் வித்தியாசம். இன்னொன்று, ஸ்பெயின்காரர்கள் வேலையைக் குறைத்துவிட்டதால் இப்போதைக்கு ஒரே ஒரு இடம்தான்.

திங்கட்கிழமை நாலரைக்குப் பரீட்சை. மூன்றரைக்கு டீக்கடையில் யூசுப் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், பெண் பார்க்கப் போகிறவன்போல் இருந்தான்.

“ஒரு இடம்தானாமே அக்கா. பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“உனக்கு வந்தாலும் எனக்கு சந்தோஷம்தான். சும்மா சொல்லல.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் பக்கம் நாற்காலியை இழுத்தான். “வாய்மொழிக்கு ஒரு வாக்கியம் ரெடி பண்ணிக்கினு வந்துகீறேன். கேளு. சி தெந்த்ரீயா தியெம்போ, மே செந்தரீயா கொன் மி பாத்ரே. நேரம் இருந்தா அத்தாகூட உக்காந்திருப்பேன். சரியாக்கா?”

வேம்புலி பாய்லரில் கரியைத் தட்டிக்கொண்டிருந்தான். வெளியே ஒரு டெம்போ பின்னால் வந்துகொண்டு பீப் பீப் என்று கத்தியது. மைதிலிக்கு அந்த நொடியில் வேறு எதுவும் தோன்றவில்லை. வர்ஷா அப்பாவின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவது மட்டும் கண்ணில் தெரிந்தது.

“சரிதான்,” என்றாள்.

“அப்ப ஓகே,” என்று யூசுப் எழுந்து இரண்டு டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான்.

*

மறுவாரம் பரந்தாமன் சார் அறைக்குக் கூப்பிட்டார். அவர்தான் பிரிவு மேலாளர். மைதிலிக்கு இடம் கிடைத்திருந்தது. யூசுப் இரண்டு மதிப்பெண் பின்னால்.

“பையன் பிரமாதமாப் பேசறான்மா,” என்றார் பரந்தாமன். “ஆனா அந்த ‘சி’ வாக்கியம் அத்தனையும் தப்பு. எழுத்துல அஞ்சு, வாயில மூணு. ஒரே தப்பு எட்டு தடவை. யாரோ அப்படிச் சொல்லிக் குடுத்திருக்காங்கபோல.”

மைதிலி தலையாட்டினாள்.

யூசுப் படியில் எதிரே வந்தான். “ட்ரீட் எங்க?” என்று சிரித்தான். முகம் கொஞ்சம் கறுத்திருந்தது, சிரிப்பில் பொய் இல்லை. “கண்டிஷனல்ல மாட்டிக்கினேன் அக்கா. நான்தான் எங்கியோ குழப்பிக்கினேன். உன் நோட்டைச் சரியா பார்த்திருக்கணும்.”

அவன் அவளைச் சந்தேகப்படவே இல்லை. ஒருவேளை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வீட்டில் திருவிழா. அவள் கணவன் தினகரன் அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் டெக்னீஷியன். அந்த ஊரிலேயே பல தலைமுறையாக நிலம் வைத்திருந்து, இப்போது நிலமெல்லாம் வீட்டு மனையாகிப்போன குடும்பம். அவன் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தான். “இனிமே அம்மா உன்கூடத்தான் தூங்கும்,” என்று மகளிடம் சொன்னான். வர்ஷா அன்றைக்கே அம்மாவின் தலையணைக்கு வேறு உறை போட்டாள். முதல் நாள் வேலை முடிந்து பத்தரைக்கு மைதிலி வந்து படுத்தபோது, தூக்கத்திலேயே புரண்டு வந்து அவள் வயிற்றின்மேல் காலைப் போட்டாள். அந்தச் சின்னக் காலின் கனம் அவளுக்கு மூன்று வருஷமாக ஏங்கிய கனம். அதன் கீழே அவள் அசையாமல் விழித்துக் கிடந்தாள். யூசுப்பின் அத்தா இந்நேரம் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார் என்று யோசனை ஓடியது. அதை நிறுத்த அவளால் முடியவில்லை.

வேலை பிடித்துத்தான் இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு சம்பவம். ஸ்பெயினின் வடக்குப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி கூப்பிட்டாள். ரசீது தொலைந்துவிட்டது. “சி தெந்த்ரீயா அந்த ரசீது, உனக்கு அனுப்பியிருப்பேனே பெண்ணே,” என்றாள். மைதிலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவள், யூசுப் சொன்ன அதே வடிவத்தில் சொல்கிறாள்! போனை வைத்ததும் சௌம்யாவுக்கு எழுதிக் கேட்டாள். பதில் வந்தது: அந்தப் பக்கத்து ஜனங்கள் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள், பரம்பரையாகச் சொல்கிறார்கள், பரீட்சையில் மட்டும் தப்பு.

ஒரு மணி நேரம் மைதிலிக்கு மனசு பஞ்சுபோல் ஆகிவிட்டது. தப்பே இல்லை. லட்சம் பேர் அப்படிப் பேசுகிறார்கள். நான் என்ன பொய்யா சொன்னேன்? டீ குடிக்கப் போனாள், ஜன்னல் வழியாக வேம்புலி கடையின் தகரக் கூரை தெரிந்தது. சட்டென்று எல்லாம் வடிந்துவிட்டது. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கிழவியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தப்பு என்று தெரிந்துதான் சரி என்றாள்.

*

டிசம்பர் இரண்டாம் வாரம் யூசுப் வேலைக்கு வரவில்லை. மூன்று நாள் ஆயிற்று. அவன் வரிசையில் உட்காரும் பவித்ரா, எட்டு மணி இடைவேளையில் கேன்டீனில் சொன்னாள்.

“அவங்க அப்பா விழுந்துட்டாராம் மைதிலி. ராத்திரி பதினொரு மணி வாக்கில பாத்ரூம் போக எழுந்திருக்காரு. இடுப்பு எலும்பு போச்சு. போன் எட்டாத தூரத்தில இருந்திருக்கு. யூசுப் காலையில நாலரைக்குப் போய்க் கதவைத் திறக்கிற வரைக்கும் அப்படியே தரையில கிடந்திருக்காரு. பாவம், கத்தக்கூட குரல் வராதே அவருக்கு.”

மைதிலி தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். பதினொன்றிலிருந்து நாலரை. அவள் அந்த நேரத்தில் மகளின் காலுக்குக் கீழே படுத்திருந்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை சென்னீர்குப்பத்துக்குப் போனாள். பூந்தமல்லி வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு சந்து உள்ளே, கீழ்த்தளத்தில் இரண்டே அறை. முன்னறையிலேயே கட்டில் போட்டு அவரைப் படுக்க வைத்திருந்தான். பெரிய எலும்பு, அகல நெஞ்சு; ஒரு காலத்தில் பெரிய வண்டியைத் திருப்பிய தோள்கள். இப்போது தலையணைக்குள் புதைந்திருந்தார்.

“வா அக்கா,” என்றான் யூசுப். பத்து நாள் தாடி. “அத்தா, மைதிலிக்கா வந்திருக்காங்க. ஆபீஸ்ல.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சொற்கள் மெதுவாக வந்தன. “நீதானம்மா... இவனுக்கு... அந்தப் பாஷை... சொல்லிக் குடுத்தது?”

“ஆமாம் அப்பா,” என்றாள் மைதிலி.

“நல்லா இரும்மா. இவன்... ஊட்டுக்கு வந்தா... உன் பேச்சுதான். டேய்... டீ வை.”

யூசுப் டீ வைத்தான். அவள் குடித்தாள். அவர் கண்ணை மூடியதும் எழுந்து, “யூசுப், கொஞ்சம் வெளியே வா,” என்றாள்.

சந்து முனையில் நின்றார்கள். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தன.

“நான் ஊட்ல இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தான் யூசுப். முடிக்கவில்லை. “இன்னா பண்றது. விடுக்கா. நீ இவ்ளோ தூரம் வந்தியே.”

“யூசுப், நான் ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் எதுவும் பேசாத.”

சொன்னாள். நோட்டில் தப்பாக எழுதியது, வியாழக்கிழமை திருத்தி வந்தது, நாலு நாள் சொல்லாமல் இருந்தது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கடைசியில், “டீக்கடைல நீ கேட்டப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சரின்னேன்,” என்றாள்.

யூசுப் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லைபோல் இருந்தது. பிறகு புரிந்தது. அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

“நோட்டுல தப்பா எழுதினது தப்பில்ல,” என்றான் மெதுவாக. “நாலு நாள் சொல்லாததுகூட... சரி, உனக்கும் புள்ள கீது. ஆனா நான் கேட்டேனே. உன் மூஞ்சியைப் பார்த்து, சரியான்னு கேட்டேனே. அதுவும் எந்த வாக்கியத்தை! எங்க அத்தாவைப் பத்தி.”

“ஆமாம்.”

“ஆமாம்ன்ற.”

“வேற என்ன சொல்றதுன்னு தெரியல யூசுப்.”

அவன் ஒரு நிமிஷம் லாரிகளைப் பார்த்தான். திரும்பியபோது குரல் மாறியிருந்தது. கோபம்கூட அதில் இல்லை. பாங்க் கவுன்டரில் பேசுவது மாதிரி இருந்தது.

“நீங்க கிளம்புங்க மேடம். அத்தா முழிச்சிடுவாரு, மருந்து குடுக்கணும்.”

எட்டு மாதமாக அக்கா என்றவன். அந்த ‘மேடம்’ காதில் விழுந்தபோதுதான், தான் என்ன செய்தோம் என்பது மைதிலிக்கு முழுதாக உறைத்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னாம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?” என்று கேட்டாள். அப்போதுதான் தன் கன்னம் நனைந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

*

அன்றைக்கு மத்தியானம் தினகரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வர்ஷா மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

“இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?”

“இடத்தை விட்டுக் குடுத்துடறேன். அடுத்து அவன் பேருதான் இருக்கு.”

“மறுபடி நைட்டா?”

“ஆமாம்.”

தினகரன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. “நீ பண்ணது தப்புதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா தப்பு பண்ணது நீ, தண்டனை மட்டும் வர்ஷாவுக்கா? அவ இன்னா பண்ணா? ரெண்டு மாசமாத்தான் அது அம்மாகூடத் தூங்குது.”

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தருக்குச் செய்த அநியாயத்தை இன்னொருத்தர் தலையில் ஏற்றுவதாகவே முடிந்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. மகளின் காலுக்குக் கீழே இனி அவளால் நிம்மதியாகப் படுத்திருக்க முடியாது.

“அவளுக்கு நான் சொல்லிக்கறேன்,” என்றாள்.

“இன்னான்னு சொல்லுவ?”

“தெரியல.”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான். ஆனால் திங்கட்கிழமை அவனே பணிமனையில் பேசி, மூன்று மாதத்துக்கு ராத்திரி முறை வராதபடி மாற்றி வாங்கிக்கொண்டு வந்தான்.

பரந்தாமன் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார்.

“ஏம்மா, போட்டிப் பரீட்சைல பக்கத்துல இருக்கிறவனுக்குச் சரியான விடையைச் சொல்லிக் குடுத்தாத்தான் குத்தம். தப்பா சொன்னா எந்த ரூல்லயும் குத்தம் கிடையாது. அவன் புஸ்தகத்தைப் பார்த்திருக்கணும்.”

“ரூல்ல இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு விடற?”

மைதிலிக்கு அவர் தன்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. மெமோ கொடுத்தாலும் சரி, சம்பளத்தில் பிடித்தாலும் சரி. குற்றம் என்று ஒருவர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம். அவரோ தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

“சொந்தக் காரணம்னு போட்டுக்குங்க சார். லிஸ்ட் ஆறு மாசத்துக்குச் செல்லும்னு நீங்கதான் சொன்னீங்க. அடுத்த பேரு யூசுப்.”

“யோசிச்சுத்தான் சொல்றியா? திரும்பி வந்து கேட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“கேக்கமாட்டேன் சார்.”

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் யூசுப்பிடமிருந்து போன் வந்தது.

“லெட்டர் வந்துச்சு,” என்றான். “நீங்க பண்ணதா?”

“ஆமாம்.”

“நான் எடுத்துக்கறேன். வேணாம்னு தூக்கிப் போடணும்னுதான் முதல்ல தோணுச்சு. ஆனா அத்தாவைப் பார்த்துக்கணும். ரோஷம் பார்க்கிற நிலைமைல நான் இல்ல.”

“எடுத்துக்கோ யூசுப்.”

“ஆனா ஒண்ணு. இதோட எல்லாம் சரியாப்போச்சுன்னு நீங்க நினைச்சுக்காதீங்க.”

“நினைக்கல.”

போன் அணைந்தது. மைதிலி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மனசு லேசாகும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. லேசாகவில்லை.

வர்ஷாவிடம் அன்று சாயங்காலம் சொன்னாள். சுற்றி வளைக்காமல், “அம்மா ஒருத்தரை ஏமாத்திட்டேன். அந்த வேலை அவருக்குச் சேர வேண்டியது. திருப்பிக் குடுத்துட்டேன்,” என்றாள்.

வர்ஷா யோசித்தாள். “சாரி சொன்னியா?”

மைதிலி திகைத்துவிட்டாள். சந்து முனையில் நின்று அத்தனையும் சொன்னவள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. அமெரிக்காவில் யாரோ ஒருவனின் வாஷிங் மெஷினுக்காக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை. அது சரளமாக வந்துவிடும் என்பதாலேயே அன்று வாய்க்கு வரவில்லையோ என்னவோ.

“சொல்லல,” என்றாள்.

“மிஸ் அடிப்பாங்க,” என்றாள் வர்ஷா. பிறகு அழ ஆரம்பித்தாள், ராத்திரி யாரோடு தூங்குவது என்று.

*

மைதிலி பழைய இடத்துக்கே திரும்பினாள். யூசுப் ஸ்பானிஷ் வரிசையில் உட்கார்ந்தான். முதல் மாதமே வாடிக்கையாளர்கள் அவனைப் பாராட்டி எழுதினார்கள். அவன் பெயரை அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். எட்டு மணி இடைவேளையில் இரண்டு பிரிவும் ஒரே கேன்டீனில்தான் சாப்பிடும். அவன் மூலையில் நண்பர்களோடு உட்காருவான். அவள் பக்கம் பார்ப்பதில்லை. எதிர்ப்பட்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. லிப்டில் ஒன்றாக ஏறினால் வணக்கம் வைக்கிற அளவுக்கு மரியாதையாக இருந்தான்.

ஒரு நாள் லிப்ட் கதவு மூடும்போது, “யூசுப், அன்னிக்கு நான் மன்னிப்புக் கேக்கல. கேக்கறேன்,” என்றாள். அவன் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டே, “கேட்டுது மேடம்,” என்றான். நாலாவது மாடி வந்தது. அவள் முதலில் இறங்குவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

மார்ச் மாதம் ஒரு நாள் கேன்டீனில் நல்ல கூட்டம். யாருக்கோ வழியனுப்பு விழா, எல்லா மேஜையும் நிரம்பிவிட்டது. யூசுப் தட்டோடு சுற்றிப் பார்த்தான். மைதிலிக்கு எதிரே மட்டும் ஒரு நாற்காலி காலி. நின்று யோசித்தான். பிறகு வந்து உட்கார்ந்தான்.

அவன் சப்பாத்தியைக் கிழித்துக் குருமாவில் தொட்டான். அவள் தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பா எப்படி இருக்காரு?” என்று கடைசியில் கேட்டுவிட்டாள்.

“வாக்கர் புடிச்சுக்கினு வாசல் வரைக்கும் வர்றாரு. சாயங்காலம் புஷ்பாக்கா பார்த்துக்கறாங்க. பத்தரைக்கு நான் போயிடறேன்.” கொஞ்ச நேரம் மென்றான். “உங்களை விசாரிச்சாரு. டீச்சரம்மா ஏன் வர்றதே இல்லன்னு கேட்டாரு. ஒரு நாள் சாப்பிடக் கூட்டிக்கினு வரச் சொன்னாரு.”

மைதிலி நிமிர்ந்தாள்.

“நான் அவர்கிட்ட எதுவும் சொல்லல,” என்றான் யூசுப். “சொல்லவும் மாட்டேன். படுத்துக் கிடக்கிறவருக்கு நல்லவங்கன்னு நினைச்சுக்க நாலு பேராவது வேணும்.”

அவன் அவளைக் கூப்பிடவில்லை, அத்தா சொன்னதைச் சொன்னான், அவ்வளவுதான் என்பது அவளுக்குப் புரிந்தது.

“வேலை ஜாஸ்தின்னு சொல்லிடு,” என்றாள்.

“சரி.”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். இரண்டு அடி போனவன் திரும்பிவந்து, மேஜை நடுவில் இருந்த தண்ணீர்ச் சொம்பை அவள் கைக்கு எட்டும் இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுப் போனான். மைதிலி மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். இடைவேளை முடிய இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. வீட்டுக்குப் போன் செய்தாள். வர்ஷா எடுத்து, “அம்மா, நான் பல் தேச்சிட்டேன்,” என்றாள்.